50 அட்டையும் தெரிகிறது, கதைப் புத்தகத்தில் மட்டும் ஏன் தெரிவதில்லை?

கேள்வி இதுதான். மகளுக்கு 5 வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியில் ‘சைட் வேர்ட்ஸ்’ (பார்த்ததுமே படித்துவிட வேண்டிய சொற்கள்) என்று 50 ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அட்டை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஒரு மாதம் தினமும் காட்டிப் பழக்கியிருக்கிறார். அட்டையைத் தூக்கினால் டக்கென்று சொல்லிவிடுகிறாளாம். அதே சொல் கதைப் புத்தகத்தில் வந்தால் முழிக்கிறாள், அல்லது வேறு எதையோ சொல்கிறாள். வீட்டில் பேசுவது தமிழ். இப்போது அடுத்த 50 சொற்களும் வந்துவிட்டன. எங்கே தப்பு, இனி என்ன செய்வது?

ரொம்ப வருடங்களுக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பையன் ‘கம்’ என்ற அட்டையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. மற்ற சொற்களில் தடுமாறுவான், இதை மட்டும் நான் முழுதாகத் தூக்குவதற்குள் சொல்லிவிடுவான். ஒரு நாள் அந்த அட்டை கிழிந்துபோய்ப் புதிதாக எழுதினேன். அன்றைக்கு அவனுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, பழைய அட்டையின் மூலையில் டீக் கறை ஒன்று இருந்தது. அவன் அத்தனை நாளும் படித்தது அந்தக் கறையை.

உங்கள் மகளும் அநேகமாக அதைத்தான் செய்கிறாள். சொல்லைப் படிக்கவில்லை, அட்டையை அடையாளம் வைத்திருக்கிறாள். சோதித்துப் பார்க்க வேண்டுமா? நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், சாதாரண பேனாவால், சிறிய எழுத்தில், வரிசையை மாற்றி அதே சொற்களில் ஒரு பத்தை எழுதிக் காட்டுங்கள். ஏழெட்டாவது வந்தால் பரவாயில்லை. மூன்று நான்குதான் வருகிறது என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

இது குழந்தைகளின் இயல்பு. எழுத்து கூட்டத் தெரியாத மூன்று வயதுக் குழந்தைகூட மளிகைக் கடையில் பார்லே-ஜி பாக்கெட்டைக் காட்டி ‘பார்லே-ஜி’ என்று ‘படிக்கும்’. மஞ்சள் நிறமும் அந்தப் பாப்பா படமும்தான் அதற்கு எழுத்து. 1984இல் அமெரிக்காவில் லின்னியா எரி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பெப்சி என்ற பெயரைப் பார்த்ததும் சொல்லிவிடுகிற சின்னப் பிள்ளைகளிடம், அந்தச் சின்னத்தின் நிறம் வடிவம் எதையும் மாற்றாமல் முதல் எழுத்தை மட்டும் எக்ஸ் ஆக்கிக் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் அதையும் பெப்சி என்றே சொன்னார்கள். எழுத்து மாறியது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

சரி, இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? நம் நர்சரிப் பள்ளிகள் கொடுக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவற்றின் மூலம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வர்ட் வில்லியம் டால்ச் 1936இல் வெளியிட்ட பட்டியல். அதில் 220 சொற்கள், ஒன்றுகூடப் பெயர்ச்சொல் கிடையாது. பெயர்ச்சொற்கள் பாடத்துக்குப் பாடம் மாறும், ஆனால் ‘த’, ‘ஆஃப்’, ‘வாஸ்’, ‘வித்’ மாதிரியான சொற்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இருக்கும் என்பது அவர் கணக்கு. பெயர்ச்சொற்கள் 95ஐத் தனிப் பட்டியலாக வைத்தார். பிறகு எட்வர்ட் ஃப்ரை என்பவர் 1957இல் இன்னொரு பட்டியல் போட்டு, 1980இல் அதைப் புதுப்பித்தார். அது 1000 சொற்கள் வரை போகிறது. அச்சில் வரும் ஆங்கிலத்தில் ஏறக்குறையப் பாதி, முதல் 100 சொற்களே திரும்பத் திரும்ப வருவதுதான் என்று அவர் காட்டினார். ஆக, பட்டியல் வீணானது இல்லை. இந்தச் சொற்கள் தடையில்லாமல் வந்தால் படிப்பு ஓடும். பள்ளியோடு எனக்கு அதில் சண்டை இல்லை.

சண்டை, அந்தச் சொற்களைப் படம் பார்ப்பது மாதிரி பார்த்து மனப்பாடம் செய்ய வைப்பதில்தான். ‘சைட் வேர்ட்’ என்றதும் ‘கண்ணால் பார்த்தே மனதில் வைக்க வேண்டிய சொல், எழுத்துக் கூட்டக் கூடாத சொல்’ என்று பல பேர், ஆசிரியர்கள் உட்பட, நினைத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன லின்னியா எரி பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தது வேறு. நன்றாகப் படிப்பவருக்கு எந்தச் சொல்லுமே, பழகிவிட்டால், சைட் வேர்ட்தான். ‘ஆஸ்பத்திரி’ என்ற சொல்லை நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டியா படித்தீர்கள்? பார்த்ததும் தெரிந்தது. ஆனால் அது வடிவத்தை மனப்பாடம் செய்ததால் வந்ததல்ல. ஒவ்வொரு எழுத்தும் எந்த ஒலிக்கு நிற்கிறது என்பது உள்ளே பிணைந்து, அந்தப் பிணைப்பு பலமுறை நடந்து இறுகிப்போனதால், இப்போது ஒரே வீச்சில் கண்ணுக்கு எட்டுகிறது. ஒலி, எழுத்து, பொருள் மூன்றும் சேர்ந்து முடிச்சு விழுந்தால்தான் சொல் மனதில் நிற்கும். வெறும் வடிவம் ஐம்பது சொல் வரை தாங்கும். நூறில் ‘வாஸ்’ எது, அதே எழுத்துகளைத் திருப்பிப் போட்ட ‘சா’ எது, ‘வென்’ எது ‘தென்’ எது என்று குழம்ப ஆரம்பிக்கும். உங்கள் மகள் கிட்டத்தட்ட அந்த எல்லையில் நிற்கிறாள்.

வேலைக்கு வருவோம். அந்த 50 அட்டைகளையும் தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள். இதைக் குழந்தை தூங்கின பிறகு செய்யுங்கள், இது உங்களுக்கான வீட்டுப்பாடம்.

முதல் குவியல், எழுத்து எப்படியோ ஒலியும் அப்படியே என்று இருக்கும் சொற்கள். டால்ச் பட்டியலின் முதல் படியில் 40 சொற்கள் உண்டு. அதில் அண்ட், பிக், கேன், ஹெல்ப், இன், இட், ஜம்ப், நாட், ரெட், ரன், அப் ஆகிய பதினொன்றும் இந்த ரகம். இவற்றை மனப்பாடம் செய்ய வைப்பது, கதவு திறந்திருக்கும்போது சுவரேறிக் குதிப்பது மாதிரி. எழுத்தின் ஒலி தெரிந்த குழந்தை ர்-அ-ன் என்று சேர்த்துத் தானே படித்துவிடும். நாலைந்து முறை அப்படிப் படித்தால் ஆறாவது முறை தானாகவே பார்த்ததும் வரும்.

இரண்டாவது குவியல், ஒழுங்கு உண்டு, ஆனால் அந்த ஒழுங்கு குழந்தைக்கு இன்னும் சொல்லித்தரப்படவில்லை. ‘சீ’, ‘த்ரீ’ இரண்டிலும் இரண்டு இ சேர்ந்து ‘ஈ’ ஆகிறது. ‘ப்ளே’ என்ற சொல்லில் ஏ-யும் ஒய்-யும் சேர்ந்து நிற்கின்றன, ‘டே’, ‘சே’, ‘மே’ எல்லாம் அதே குடும்பம். ‘மேக்’ என்பதின் கடைசி இ தான் பேசாமல், முன்னால் இருக்கும் ஏ என்ற எழுத்தை அதன் பெயராலேயே ஒலிக்க வைக்கிறது. இந்தச் சொற்களைத் தனித்தனியாகக் கொடுக்காமல் குடும்பம் குடும்பமாகக் கொடுங்கள். ஒரு சொல்லுக்குச் செலவழித்த உழைப்பில் ஐந்து சொல் வரும்.

மிச்சம் இருப்பதுதான் மூன்றாவது குவியல், உண்மையிலேயே கோணல் உள்ள சொற்கள். த, செட், வாஸ், ஆஃப், ஒன், டூ, கம், வேர், யூ மாதிரி. எண்ணிப் பாருங்கள், 50 சொற்களில் இவை பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. இவற்றுக்குத்தான் தனிக் கவனம் வேண்டும். அதுவும் முழுச் சொல்லுக்கும் இல்லை, கோணலான இடத்துக்கு மட்டும்.

‘செட்’ என்ற சொல்லை வைத்து நான் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன். முதலில் அட்டையே கிடையாது. ‘அவன் சொன்னான், ஹீ செட்’ என்று வாயால் சொல்லி, அந்தச் சொல்லை மட்டும் மெதுவாக இழுத்துச் சொல்லச் சொல்வேன். எத்தனை ஒலி கேட்கிறது? ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை வை. ஸ், எ, ட். மூன்று கொட்டை. பலகையில் மூன்று கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கொட்டையை வைப்போம். பிறகு கொட்டையை எடுத்துவிட்டு எழுத்தை எழுதுவோம். முதல் கட்டத்தில் எஸ், அது ஒழுங்காக இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் டி, அதுவும் ஒழுங்கு. நடுவில் ‘எ’ என்று கேட்கிறது, ஆனால் அங்கே ஏ-யும் ஐ-யும் ஒரே கட்டத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ‘இந்த ரெண்டு பேர்தான் குறும்பு’ என்று அந்த இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு போடுவேன். குழந்தை சிரிக்கும். அந்தச் சிரிப்பு முக்கியம், கோணல் அதில் ஞாபகமாகிவிடும். அப்புறம் அதைப் பார்த்து ஒருமுறை, பார்க்காமல் ஒருமுறை, ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதுவது. எழுத்தின் பெயரைச் சொல்லி எழுதுவதல்ல, ஒலியைச் சொல்லி. தட்டில் பரப்பிய அரிசி மாவிலோ ரவையிலோ விரலால் எழுதினால் போதும், பென்சில் பிடிக்கும் சிரமம் வேறு எதற்கு?

அமெரிக்காவில் இந்தக் கோணலான எழுத்தின் மேல் சின்ன இதயம் வரைகிறார்கள், அதனால் இவற்றுக்கு ‘ஹார்ட் வேர்ட்ஸ்’ என்று பெயர். இங்கிலாந்தில் ‘ட்ரிக்கி வேர்ட்ஸ்’ என்பார்கள். பெயர் எதுவானாலும் செய்வது ஒன்றுதான்.

கோணலான சொற்களிலும் பலவற்றுக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ‘டூ’ என்ற எண்ணுப்பெயரில் டபிள்யு எதற்கு என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். ட்வின், ட்வெல்வ், ட்வென்டி மூன்றிலும் இரண்டு ஒளிந்திருக்கிறது, அங்கெல்லாம் டபிள்யு பேசுகிறது, ‘டூ’வில் மட்டும் மௌனமாகிவிட்டது என்றேன். ஐந்து வயதுக்கு அது புரிந்ததோ இல்லையோ, அவள் அதன் பிறகு அதைத் தப்பாக எழுதவில்லை. ‘இஸ்’, ‘ஹிஸ்’, ‘ஹாஸ்’, ‘வாஸ்’ எல்லாவற்றிலும் கடைசி எஸ் தேனீ ரீங்காரம் மாதிரி ஒலிக்கும். இந்த ஒலிக்கு நம் எழுத்து இல்லை, அதனால் தேனீ என்றே பிள்ளைகளுக்குச் சொல்வேன். ‘ஹேவ்’, ‘கிவ்’ இரண்டின் கடைசியிலும் சும்மா ஒரு இ நிற்கிறதே, ஏன்? ஆங்கிலத்தில் வி என்ற எழுத்தோடு சொல்லை முடிக்கும் வழக்கம் அநேகமாக இல்லை, அதற்குத் துணைக்கு நிற்கிறது. ஆனால் ‘ஆஃப்’ என்ற சொல்லுக்கு உறவுக்காரரே கிடையாது. எஃப் என்று எழுதி வி என்று ஒலிக்கிற ஒரே சொல் என்று சொல்லிவிடலாம். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக் குழந்தைக்கும் பொருந்தும். தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்கு இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஆங்கிலம் பேசும் நாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இவை இருக்காது.

ஒன்று, ஒலி. நம் பிள்ளைகள் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று எழுத்தின் பெயரை முதலில் படிக்கிறார்கள். ‘சி-ஏ-என்’ என்று பெயர்களைச் சேர்த்தால் ‘சியேயென்’ என்றுதான் வரும், ‘கேன்’ வராது. ஒலியைச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் பெரும்பாலும் ‘க, ட, ப’ என்று அகரம் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம், நம் எழுத்தே உயிர்மெய்யாக இருப்பதால். ஆனால் தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. புள்ளி! ‘க் என்றால் புள்ளி வைத்த க, அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்’ என்றால் போதும். ப், ட், ம் என்று மெய்யாகச் சொல்லப் பழகினால் எழுத்துகள் எளிதில் ஒட்டும். அதேபோல நாம் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்போம், புக்கு, கேட்டு, பஸ்ஸு என்று. பேச்சில் அது அழகுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒலியைக் கொட்டை வைத்து எண்ணும்போது ‘ரெட்டு’ என்று சொன்னால் நாலாவது கொட்டைக்கு எழுத்து இருக்காது, குழந்தை குழம்பும்.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். அட்டையில் ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பை எழுதாதீர்கள். தமிழ் எழுத்து தெரிந்த குழந்தை அதைத்தான் படிக்கும், மேலே உள்ளதைப் பார்க்காது. அதைவிடப் பெரிய சிக்கல், பெரியது என்று பொருள்படும் ‘பிக்’, பன்றி என்று பொருள்படும் ‘பிக்’ இரண்டும் தமிழில் ஒரே எழுத்து. நான் இந்தப் பதில் முழுக்க ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பது பெரியவர்களான நமக்குள் என்பதால் ஓடுகிறது. குழந்தைக்கு அந்த இரண்டு சொல்லின் முதல் ஒலியும் வேறு வேறு என்று காதால் பழக்க வேண்டும். தொண்டையில் கை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியில் அதிர்வு தெரியும், பன்றி என்று பொருள்படும் சொல்லில் தெரியாது.

இரண்டாவது விஷயம்தான் என் அனுபவத்தில் மிகப் பெரிது. ஃப்ரையின் பட்டியலில் முதல் பத்துச் சொற்கள்: த, ஆஃப், அண்ட், அ, டு, இன், இஸ், யூ, தட், இட். இவற்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘த’ என்பதற்குத் தமிழே இல்லை. ‘இஸ்’ நமக்குத் தேவைப்படுவதில்லை, ‘இது பூனை’ என்றால் முடிந்தது. ‘இன்’ தனிச்சொல் இல்லை, ‘பையில்’ என்பதின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘இல்’. ‘டு’ என்பது ‘கடைக்கு’ என்பதின் ‘கு’. ‘ஆஃப்’ என்றால் ‘உடைய’, அல்லது ‘வீட்டின்’ என்பதின் கடைசியில் வரும் ‘இன்’. ‘அண்ட்’ என்றால் ‘அம்மாவும் அப்பாவும்’ என்பதில் வரும் ‘உம்’. நாம் வேற்றுமை உருபாகவும் இடைச்சொல்லாகவும் ஒட்ட வைப்பதை ஆங்கிலம் தனித்தனிச் சொல்லாக நிறுத்தி வைத்திருக்கிறது. ‘யூ’, ‘தட்’, ‘இட்’, கூடவே ‘ஒரு’ என்ற பொருளில் வரும் ‘அ’, இந்த நாலுக்கும்தான் குழந்தையின் மனதில் தனிச்சொல்லாகப் பொருள் இருக்கிறது.

ஆக, ‘ஆஃப்’ என்று ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டும்போது லண்டன் குழந்தைக்கு அது ஏற்கெனவே ஆயிரம் முறை பேசிய சொல். நம் குழந்தைக்கு அது ஒரு சத்தம். பொருளில்லாத சத்தத்தை, ஒழுங்கில்லாத எழுத்தோடு, வடிவத்தை மட்டும் வைத்து மனதில் நிறுத்து என்கிறோம். மூன்று முடிச்சில் இரண்டு இல்லை. அட்டை மாறியதும் நழுவுவதில் என்ன ஆச்சரியம்?

அதனால் எழுத்துக்கு முன் பேச்சு. ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பொம்மை போதும். பொம்மையை உள்ளே போட்டு ‘இன் த பாக்ஸ்’, மேலே வைத்து ‘ஆன் த பாக்ஸ்’, அடியில் ஒளித்து ‘அண்டர் த பாக்ஸ்’. ‘எங்கே?’ என்று தமிழிலேயே கேளுங்கள், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரட்டும். ஒரு வாரம் இப்படி விளையாடிய குழந்தைக்கு ‘இன்’, ‘ஆன்’ என்ற அட்டைகள் சத்தமாக இருக்காது. ‘அம்மா அண்ட் பாட்டி’, ‘இட்லி அண்ட் சட்னி’ என்று கலப்படமாகச் சொன்னாலும் பாவமில்லை. ‘த’, ‘ஆஃப்’ இரண்டையும் தனி அட்டையாகவே கொடுக்காதீர்கள். ‘த கேட்’, ‘அ கப் ஆஃப் டீ’ என்று தொடராக எழுதுங்கள். ‘கப் ஆஃப் டீ’யில் வரும் ஆஃப், நம் ஊரில் டீ குடிக்கிற எந்த வீட்டிலும் பொருளோடு நிற்கும்.

எவ்வளவு நேரம், எத்தனை சொல்? ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு நிமிடம். காலையில் மூன்று நிமிடம், சாயங்காலம் மூன்று நிமிடம் என்று பிரித்தால் இன்னும் நல்லது. ஒரே மூச்சில் அரைமணி நேரம் உட்கார வைப்பதைவிட, ஒரு நாள் விட்டு, மூன்று நாள் விட்டு, ஒரு வாரம் விட்டு அதே சொல்லைத் திரும்பப் பார்ப்பதுதான் நிற்கும். கோணலான சொல் வாரத்துக்கு மூன்று, கொஞ்சம் கெட்டிக்காரக் குழந்தை என்றால் நான்கு. கையில் ஐந்து அட்டை இருந்தால் நான்கு தெரிந்ததாகவும் ஒன்று புதியதாகவும் இருக்கட்டும். ஒன்றுபோல இருக்கும் சொற்களை ஒரே வாரத்தில் கொண்டுவராதீர்கள். ‘வாஸ்’ நன்றாக ஊறிய பிறகுதான் ‘சா’. ‘ஃபார்’, ‘ஃப்ரம்’, ‘ஆஃப்’ மூன்றும் ஒன்றையொன்று மிதிக்கும், மாதக்கணக்கில் இடைவெளி விடுங்கள். பள்ளிப் பட்டியல் அகர வரிசையில் இருந்தால் ‘ஃபார்’, ‘ஃப்ரம்’ மாதிரியான சொற்கள் பக்கத்துப் பக்கத்திலேயே வந்து நிற்கும், அந்த வரிசையைப் பின்பற்றவே வேண்டாம்.

அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஒரே மாதிரி காட்டாமல் இருந்தால் சரி. ஒரே சொல்லைப் பல பேனாவில், பல அளவில், செய்தித்தாள் ஓரத்தில், வாசல் தரையில் சாக்பீஸால் எழுதுங்கள். பாண்டி ஆடும் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் சொல் எழுதி, நொண்டி அடித்துப் போகிற கட்டத்தின் சொல்லைப் படிக்க வேண்டும் என்று வைத்தால், தெருப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அட்டை எழுதிக் கவிழ்த்து வைத்து ஜோடி தேடும் ஆட்டமும் நன்றாக ஓடும், ஆனால் எடுத்த அட்டையைப் படித்தால்தான் ஜோடி செல்லும். இல்லாவிட்டால் வடிவத்தைப் பொருத்தியே ஜெயித்துவிடுவார்கள், படிப்பு நடக்காது. ‘லுக்’ என்ற சொல்லின் இரண்டு ஓ-வில் கண் வரைந்து அழகு பார்ப்பதையும் விடுங்கள். கண்ணைப் பார்த்து ‘லுக்’ சொல்லும் குழந்தை, புத்தகத்தில் கண் இல்லாத ‘லுக்’கைத் தாண்டிப் போய்விடும், பிறகு ‘புக்’கிலும் கண்ணைத் தேடும்.

புத்தகத்தோடு உட்காரும்போது ஒரு பழக்கத்தை மட்டும் கவனியுங்கள். சொல் தெரியாதபோது குழந்தை எங்கே பார்க்கிறாள்? படத்தையா, உங்கள் முகத்தையா, எழுத்தையா? நம்மில் பலர் ‘படத்தைப் பார்த்துச் சொல்லு’ என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். நாய் படம் இருக்கிறது, ‘டாக்’ என்று எழுதியிருக்கிறது, குழந்தை ‘பப்பி’ என்கிறாள், நாமும் கைதட்டுகிறோம். ‘வாஸ்’, ‘வித்’, ‘தே’ போன்ற சொற்களுக்குப் படமே கிடையாதே, அப்போது என்ன செய்வாள்? ‘முதல் எழுத்து என்ன ஒலி, அடுத்தது?’ என்று விரலை எழுத்தின் மேல் வையுங்கள். ஐந்து விநாடி பொறுங்கள். வரவில்லையென்றால் நீங்களே சொல்லிவிட்டு, அந்த வரியை முதலிலிருந்து ஒருமுறை அவளைப் படிக்கச் சொல்லுங்கள். ஊகிக்க வைக்காதீர்கள், திட்டவும் வேண்டாம்.

ஊகிக்கிறாளா படிக்கிறாளா என்று கண்டுபிடிக்க இங்கிலாந்தில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். 2012 முதல் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்களைப் படிக்கச் சொல்லும் சிறு சோதனை நடக்கிறது. அதில் 20 சொற்கள் எந்த அகராதியிலும் இல்லாத பொய்ச் சொற்கள். மனப்பாடம் அங்கே செல்லாது, ஒலி கூட்டினால்தான் வரும். நீங்களும் ‘மிப்’, ‘லன்’ என்று நாலு பொய்ச் சொல் எழுதி, ‘இது ஒரு பூதத்தின் பேர், படி பார்க்கலாம்’ என்று கேளுங்கள். படித்துவிட்டால் அடித்தளம் சரியாக இருக்கிறது, கோணலான சொற்களுக்குத் தாராளமாகப் போகலாம். படிக்க முடியவில்லை என்றால் சைட் வேர்ட்ஸை ஒரு மாதம் ஒதுக்கி வைத்துவிட்டு எழுத்தொலிக்குத் திரும்புங்கள். நேரம் வீணாகாது.

தமிழுக்கும் இப்படிச் சொல் அட்டை வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. தமிழில் எழுத்து தெரிந்தால் சொல் தெரியும், இந்தக் கோணல் தொல்லை அநேகமாக இல்லை. க என்ற எழுத்து ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் வேறு வேறாக ஒலித்தாலும் பேசத் தெரிந்த குழந்தையின் வாய் தானாகவே திருத்திக்கொள்ளும். நம் சுமை எழுத்தின் எண்ணிக்கையில் இருக்கிறது, 247. அதனால்தான் ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கி, ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ என்று உடனே சொல்லாக்கிக் காட்டும் ஆசிரியர்களிடம் பிள்ளைகள் வேகமாகப் படிக்கிறார்கள். தமிழில் முழுச்சொல்லை மனப்பாடம் செய்வதிலும் அர்த்தமில்லை. வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகளும் என்று ஒரே சொல் எத்தனை உடை மாற்றுகிறது! இங்கே கண்ணுக்குப் பழக வேண்டியது சொல்லின் வால்தான். ‘கள்’, ‘இல்’, ‘உக்கு’, ‘இருந்து’, ‘என்று’ இவை பார்த்ததும் தெரிந்தால் நீளமான சொற்கள் மிரட்டாது. ஒரு நல்ல விஷயம், தமிழில் ஒலி கூட்டிப் படிக்கப் பழகிய குழந்தைக்கு ஆங்கிலத்தில் அந்த வித்தையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலம் கெட்டுவிடும் என்று தமிழைத் தள்ளிப்போடுகிற வீடுகள் இந்தச் சலுகையை இழக்கின்றன.

ஐந்து வயதில் சொற்கள் குழம்புவதும் எழுத்தைத் திருப்பிப் போடுவதும் சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், பல பேர் இதை மறந்துவிடுகிறார்கள். ஏழு வயது தாண்டியும், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும், எழுத்தொலி நிற்கவில்லை, எதுகை கேட்கத் தெரியவில்லை, நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்டுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது.

கடைசியாக அந்த அடுத்த 50. அதை அலமாரியில் வையுங்கள். பழைய 50இல் மூன்றாவது குவியலை மட்டும் எடுத்து, வாரம் மூன்றாகப் போனால் ஒரு மாதத்தில் முடியும். வகுப்பாசிரியையிடம் நேராகப் பேசுங்கள், பெரும்பாலும் அவருக்கும் மேலிடத்திலிருந்து வந்த பட்டியல்தான் அது. ‘மிஸ், அட்டையில் சொல்கிறாள், வரியில் வரும்போது தெரியவில்லை, அதனால் எழுத்தொலியோடு சேர்த்து மெதுவாகப் போகிறேன்’ என்று சொன்னால் எரிச்சல்படும் ஆசிரியையை நான் அதிகம் பார்த்ததில்லை. டிக்டேஷன் வைத்தால் இரண்டு மதிப்பெண் குறையலாம். யு.கே.ஜி. டிக்டேஷனில் குறைந்த இரண்டு மதிப்பெண்ணை ஒன்றாம் வகுப்பில் யாரும் கேட்கப் போவதில்லை.